பிள்ளைப் பருவத்துப் பிழைகள்

வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்து சேராத காலத்தில், கண்டி நகரில் ஏதேனும் ஒரு கடைவாசலில் அது ஒலிக்கத் தொடங்கியதும் பெரியவர்கள் அதன் முன்னே கூடி நிற்பார்கள். சிறுவர்கள் மட்டும் மெல்ல நழுவிப் பெட்டியின் பின்புறம் போய் எட்டிப் பார்ப்பார்கள். பெட்டியின் முதுகிலே உள்ள துளைகளின் வழியே, உள்ளே செந்நிறமாய் ஒளிரும் சிறு குமிழ்கள் தெரியும். அவை உள்ளே குடியிருப்போர் ஏற்றி வைத்த விளக்குகள் என்பது பிள்ளைகளின் முடிபு. செய்தி வாசிப்பவர், பாட்டுப் பாடுபவர், மிருதங்கம் கொட்டுபவர் ஆகிய அனைவரும் சுண்டுவிரல் அளவினராய் அந்தப் பெட்டிக்குள் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சோறு கொடுப்பவர் யார், கடையைப் பூட்டிய பின் அவர்கள் எங்கே படுத்துறங்குவார்கள் என்பவை மாத்திரமே விளங்காத கேள்விகள்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சிறுவர்களின் நியாயத்தில் குறை காண்பது எளிதன்று. குரல் கேட்கிறது, குரல் மனிதருக்கே உரியது, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது, ஆகவே மனிதர் பெட்டிக்குள் இருக்கவேண்டும். தருக்க நூல் கற்ற பண்டிதரும் இதைவிட ஒழுங்காக வாதிக்க முடியாது. அவர்களுக்குத் தெரியாதிருந்தது ஒன்றே ஒன்று. 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதலாக, குரல் தன் உடையவரை விட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதே அது.

இன்று பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் எண்ணம் மட்டும் மாறவில்லை. வேலையின் பொருட்டு வளைகுடா நாடொன்றுக்குச் சென்ற தாய், மாலை நேரத்தில் கைத்தொலைபேசித் திரையில் தோன்றுகிறாள். மூன்று வயதுக் குழந்தை தான் கடித்த பிஸ்கட்டின் மிச்சத்தைத் திரையிலே அம்மாவின் வாய்க்கு நேரே வைத்து அழுத்துகிறது. பக்கத்தில் இருக்கும் பாட்டி சிரிக்கிறாள். சிரித்தபடியே சேலைத் தலைப்பால் திரையைத் துடைக்கிறாள். குழந்தையின் கணக்கில் அம்மா தொலைவில் இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறாள்.

சிறுபிள்ளைகள் கொள்ளும் இத்தகைய பிழையான எண்ணங்கள் எங்கிருந்து பிறக்கின்றன? ஆராய்ந்து பார்த்தால் அவற்றிற்கு மூன்று வாயில்கள் உண்டு எனலாம். முதலாவது, கண் காட்டும் காட்சி. இரண்டாவது, காதில் விழும் சொல். மூன்றாவது, மூத்தோர் கூறும் வார்த்தை. இம்மூன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமுமே போதும்.

கண்டி மாநகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல அமைந்துள்ளது. தெற்கே அந்தானை மலை, மேற்கே பைரவகந்தை, வடக்கே உடவத்தைக்கலைக் காடு. அங்கே பிறந்து, அந்த மலைகளுக்கு அப்பால் செல்லாத ஒரு பிள்ளைக்கு உலகம் என்பது அந்தக் கிண்ணமே. வானம் மலைகளின் விளிம்பிலே பொருந்தி மூடியிருக்கிறது. சூரியன் ஒரு மலைக்குப் பின்னாலிருந்து ஏறி, இன்னொரு மலைக்குப் பின்னால் இறங்கிப் போய்விடுகிறது. அங்கே அதற்கு ஒரு வீடு இருக்கவேண்டும் அன்றோ?

இந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருகிறது. பூமி உருண்டை வடிவமானது என்று ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைகிறார். பிள்ளை மறுப்பதில்லை, ஒப்புக்கொள்கிறது. ஆனால் எப்படி ஒப்புக்கொள்கிறது என்பதே சுவையான செய்தி. உருண்டை என்று சொன்னதும் சில பிள்ளைகள் தோசையை எண்ணிக்கொள்கின்றன. தோசையும் வட்டந்தான், அதன்மேல் நிற்கலாம், விழமாட்டோம். வேறு சில பிள்ளைகள், பூமி ஒரு பந்து, அதன் உள்ளே அடிப்பகுதியில் மனிதர் வாழ்கின்றனர், மேற்பகுதி வானமாகக் கவிந்திருக்கிறது என்று கொள்கின்றன. மலைக்கிண்ணத்துக்குள் வாழும் கண்டிப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

இது கண்டிப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய மயக்கமன்று. 1992ஆம் ஆண்டில் ஸ்டெல்லா வொஸ்னியாடூ, வில்லியம் புருவர் என்னும் அறிஞர் இருவர், அமெரிக்க நாட்டின் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 60 பேரிடம் பூமியின் வடிவத்தைப்பற்றி வினாவி அதன் முடிபுகளை வெளியிட்டனர். அந்தப் பிள்ளைகளிடத்தும் தட்டையான வட்டமும் உள்ளே வெறுமையான பந்தும் காணப்பட்டன. சிலர் இரண்டு பூமிகள் உண்டு என்றும் கொண்டிருந்தனர். ஒன்று கால் ஊன்றி நிற்கும் தட்டையான நிலம், மற்றொன்று ஆசிரியர் சொல்லும் உருண்டை, அது வானத்தில் எங்கோ இருக்கிறது. பிள்ளைகள் ஆசிரியரின் சொல்லையும் தள்ளவில்லை; தம் கண்ணையும் தள்ளவில்லை. இரண்டையும் இணைக்க ஒரு பாலம் கட்டினார்கள். பாலம் கோணலாக அமைந்தது, அவ்வளவே.

சந்திரன் பின்தொடர்ந்து வருகிறது என்பதும் கண் தந்த பாடமே. இரவுப் புகையிரதத்தில் பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் சிறுமி சாளரத்தருகே அமர்ந்து பார்க்கிறாள். தந்திக் கம்பங்கள் பின்னோக்கி ஓடுகின்றன, மரங்கள் ஓடுகின்றன, வீடுகள் ஓடுகின்றன. சந்திரன் மட்டும் கூடவே வருகிறது. புகையிரதம் நின்றால் அதுவும் நிற்கிறது. தன்மேல் அதற்குத் தனியன்பு என்று அவள் எண்ணுவதில் வியப்பென்ன? சுவிற்சர்லாந்து நாட்டின் உளவியலறிஞரான ஜீன் பியாஜே என்பார் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலில், சிறுபிள்ளைகள் உலகத்தை எவ்வாறு கருதுகின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதினார். சூரியனும் சந்திரனும் தம்மைத் தொடர்ந்து வருகின்றன என்ற எண்ணத்தை ஜெனீவா நகரத்துப் பிள்ளைகளும் கொண்டிருந்தனர். உண்மைக் காரணம் தூரம். சந்திரன் ஏறத்தாழ 384,000 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அத்தொலைவின் முன் பேராதனைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட ஆறு கிலோமீற்றர் ஒரு பொருட்டன்று. ஆகவே அது இருக்கும் திசை சற்றும் மாறாததுபோலத் தோன்றுகிறது.

பேராதனையிலே 1821ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டத்தை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. அங்கே உயர்ந்த மரங்களின் கொம்புகளில் ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கும். முதன்முறை பார்க்கும் பிள்ளை அவற்றைப் பெருங் கருநிறப் பழங்கள் என்றே கொள்கிறது. பின்னர் ஒரு பழம் இறகு விரித்துப் பறக்கக் கண்டதும் ஏற்படும் திகைப்பு, அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் மறவாத ஒரு விலங்கியற் பாடமாகும்.

இனி, காதின் வழி வரும் பிழைகள். இரண்டு மொழிகள் அருகருகே வழங்கும் நகரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ப் பிள்ளை ஒன்று ‘கண்டி’ என்ற பெயரைக் கேட்டதும், கற்கண்டு அங்கேதான் செய்யப்படுகிறது என்று கருதுகிறது. ஆங்கிலம் சிறிது கற்ற பிள்ளைக்கோ ஐயமே எழுவதில்லை. இனிப்புக்கும் நகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசையன்றோ! உண்மையில் நகரத்தின் பெயர் ‘கந்த உட ரட’, அதாவது மலைமேல் உள்ள நாடு, என்னும் சிங்களத் தொடரைப் போர்த்துக்கேயர் தம் வாய்க்கேற்பச் சுருக்கியதால் வந்தது. கற்கண்டின் ‘கண்டு’, துண்டு எனப் பொருள்படும் வடசொல்லோடு உறவுடையது. அவ்வடசொல்லே பாரசீகத்தையும் அரபு மொழியையும் கடந்து ஆங்கிலத்தில் இனிப்பின் பெயராயிற்று. ஆகவே கற்கண்டும் ஆங்கிலத்து இனிப்பும் உறவினர். கண்டி நகரம் அவர்களோடு பெயரொற்றுமை மாத்திரமே உடையது.

‘கந்த’ என்ற சிங்களச் சொல்லுக்கு மலை என்பது பொருள். தமிழ்ப் பிள்ளையின் காதில் அது கந்தனாகவே ஒலிக்கிறது. பைரவகந்தை என்றால் பைரவரும் கந்தவேளும் சேர்ந்து வீற்றிருக்கும் குன்று. இலங்கையில் ‘கந்த’ என முடியும் ஊர்கள் எத்தனையோ! அத்தனையும் முருகனுக்கே உரியவை என்று பெருமை கொண்டாடும் பிள்ளையிடம், குன்றுதோறும் அவன் கோயில் கொண்டவன் என்று முன்னரே சொல்லி வைத்தவர் பெரியோரே அன்றோ?

கட்டுகஸ்தோட்டை என்னும் ஊரின் கதையும் இதுவே. மலையகத்திலே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். ஆகவே கட்டுகஸ்தோட்டையும் ஏதோ ஒரு துரையின் தோட்டமாக இருக்கவேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. சிங்களத்தில் ‘கட்டு’ முள், ‘கஸ்’ மரங்கள், ‘தொட்ட’ ஆற்றைக் கடக்கும் துறை. முள்மரங்கள் நின்ற ஓடத்துறை என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரை அறிந்ததும் பாலம் கட்டப்படாத காலத்து மகாவலியும் அதன் கரையில் காத்து நின்ற பயணிகளும் மனக்கண்ணிலே தோன்றுகின்றனர்.

அந்த மகாவலியும் தப்பவில்லை. வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்த மாவலிச் சக்கரவர்த்தியின் கதையைக் கேட்ட பிள்ளை, மகாவலி கங்கை அவன் பெயரால் வழங்கும் ஆறு என்று துணிகிறது. கொடைக்குப் பெயர்போன அரசன், வளத்துக்குப் பெயர்போன ஆறு. பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல். பெருமணல் ஆறு என்பதே பெயர். 335 கிலோமீற்றர் நீளமுடைய இந்த நதி, நாட்டின் மிக நீண்ட ஆறாகித் திருகோணமலைக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது.

நகரத்தின் பெயரே இரண்டாக இருப்பதால் விளையும் குழப்பம் இன்னும் சுவையானது. தமிழர் கண்டி என்பதைச் சிங்களவர் ‘மகாநுவர’ என்பர். பேச்சுவழக்கில் ‘நுவர’ என்று சுருக்குவர். பேருந்து நிலையத்திலே ‘நுவர, நுவர’ என்ற கூவலைக் கேட்கும் தோட்டத்துச் சிறுவன் அதை நுவரெலியா என்றே எண்ணுகிறான். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள குளிர்ப்பட்டினத்துக்குப் போகப்போகிறோம் என்று கம்பளிச் சட்டையை மாட்டிக்கொள்கிறான். கண்டியில் வெயிலில் வியர்த்துக் கொட்ட இறங்கி, எதிரே உள்ள கடைக்காரரிடம், “முதலாளி, நுவரவுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறான். சிங்களவரான கடைக்காரர் சிரித்துவிட்டுத் தமிழிலே விடை சொல்கிறார்: “மல்லி, நீ நிற்கிற இடந்தான் நுவர. நுவர என்றால் நகரம்.” பிறகு குடிக்கத் தண்ணீரும் கொடுக்கிறார்.

அந்தச் சிறுவனின் பிழை ஒரு சொல்லால் தீர்ந்தது. கேட்க அவன் கூசவில்லை. சொல்ல அவர் சலிக்கவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த கடைகளில் இருந்துகொண்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் தம் மொழியின் ஓசையால் கேட்டுத் தவறாகப் பொருள்கொள்வது பெரியவர்களிடத்தும் நிகழ்வதுண்டு. அங்கே கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆகையால் அது சிரிப்பிலே முடிவதுமில்லை.

மூன்றாவது வாயில் மூத்தோரின் வார்த்தை. கொய்யாப்பழத்தை விதையோடு விழுங்கிய பிள்ளையிடம், “வயிற்றுக்குள் மரம் முளைக்கும், காதுவழியாகக் கிளை வரும்” என்று பாட்டி சொல்கிறாள். விதை தொண்டையில் சிக்காதிருக்கவேண்டும் என்னும் அன்பே அவளைச் சொல்ல வைத்தது. பிள்ளையோ இரவு முழுவதும் உறக்கமின்றிக் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. வயிற்றிலே மரம் முளைக்காது. முளைப்பதற்கு வேண்டிய காற்று அங்கே இல்லை. இரைப்பையின் அமிலம் வேறு. ஆயினும் பாட்டியின் கூற்றில் ஒரு துளி உண்மை மறைந்துள்ளது. பறவையும் வௌவாலும் விழுங்கும் விதைகளிற் பல, எச்சத்தோடு வெளியேறி, விழுந்த இடத்திலே மரமாகின்றன. பேராதனையிலே பழமென்று மயங்க வைத்த அந்த வௌவால்களே காட்டுக்கு விதைப்பவர்கள்.

புத்தகத்துள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்பதை நம்பாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டோ? கோயில் திருவிழாவில் காவடியிலிருந்து உதிர்ந்த இறகு ஒன்று கிடைத்துவிட்டால் அது பொக்கிஷம். அதற்கு உணவாக அரிசி மணி வைப்பதும், வெயில் படாமல் காப்பதும், ஒருநாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பதும் பிள்ளைகளின் கடமைகள். இறகு என்பது நகத்தையும் மயிரையும் போல உயிரற்ற பொருள், அது ஈனாது. ஆனால் அடிக்கடி புரட்டுவதால் அதன் மெல்லிய இழைகள் தனியே உதிரும். அந்த இழையைக் கண்டதும் வகுப்பு முழுவதும், “குட்டி போட்டுவிட்டது!” என்ற செய்தி பரவும். பிழையான நம்பிக்கைக்கும் சான்று கிடைப்பதுண்டு என்னும் அரிய பாடத்தை இதிலே காணலாம்.

கண்டி வாவிக்கு அடியே இல்லை என்பதும், அரண்மனையிலிருந்து வாவியின் நடுவே உள்ள தீவுக்கு நீரின்கீழ் இரகசியச் சுரங்கம் ஒன்று செல்கிறது என்பதும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டு வரும் கதைகள். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அந்தச் சுரங்கத்தின் வழியே தப்பிவிட்டான் என்று எண்ணும் பிள்ளைகளும் உள்ளனர். அம்மன்னன் 1807ஆம் ஆண்டில் அந்த வாவியை அமைப்பித்தபோது அணைகட்டி நீர் தேக்கிய இடம் நெல்வயல். அடியில்லாத வாவியின் அடி, உழுது பயிரிட்ட சேறே. மன்னனோ 1815ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே தும்பறைப் பகுதியில் பிடிபட்டு, தமிழ்நாட்டின் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். வாவியில் பிள்ளை தவறி விழாதிருக்க, அடியில்லை என்று அச்சுறுத்திய பெற்றோரும் இருந்திருப்பர். அச்சத்தால் காத்தல் எளிது. பின்னர் அந்த அச்சத்தை நீக்குதல் எளிதன்று.

பெரியவர்கள் இதுவரை புன்முறுவலோடு கேட்டிருத்தல் கூடும். அவர்களுடைய முறையும் வரவேண்டுமன்றோ? பேராதனைத் தாவரத் தோட்டத்திலே இரட்டைத் தேங்காய் எனப்படும் கடல் தென்னைகள் நிற்கின்றன. உலகிலே மிகப் பாரமான விதை அவற்றினுடையது; ஒரு விதை இருபது கிலோகிராமுக்கு மேலும் நிறுக்கும். பல நூற்றாண்டுகளாக அந்தக் காய்கள் கடலில் மிதந்து மாலைதீவின் கரைகளில் ஒதுங்கின. மரத்தை எவரும் கண்டதில்லை. ஆகவே அது கடலின் அடியில் வளரும் மரம் என்று மாலுமிகளும் கற்றோரும் நம்பினர். அந்த மரத்திலே கருடன் கூடு கட்டியுள்ளான் என்று மலாய் மக்கள் கதை கூறினர். நஞ்சு முறிக்கும் மருந்தென்று எண்ணி ஐரோப்பிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து அதன் ஓட்டை வாங்கினர். 1768ஆம் ஆண்டில் சீசெல்சுத் தீவுகளில் ஒன்றிலே அந்த மரங்கள் தரையில் நிற்கக் கண்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பெட்டிக்குள் பாடகரைத் தேடிய சிறுவனுக்கும், கடலுக்குள் மரத்தைத் தேடிய மாலுமிக்கும் வேறுபாடு வயதில் மாத்திரமே.

ஆயினும் மலைநாட்டின் வரலாற்றில், சிரிக்க முடியாத ஒரு நம்பிக்கையும் உண்டு. தமிழகத்தின் சிற்றூர்களில் இம்மலைநாடு ‘கண்டிச் சீமை’ எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர் பரவியபோது, தென்னிந்தியத் தொழிலாளர் அதற்கெனக் கொண்டுவரப்பட்டனர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை மலைகளை மூடிக்கொண்டது. ஆட்கள் மேலும் மேலும் தேவைப்பட்டனர். அவர்களைத் திரட்ட ஊர்களுக்குச் சென்ற கங்காணிமார், தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மலையக மக்கள் தம் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிவருகின்றனர். தேங்காயும் மாசிக் கருவாடும் சம்பலுக்குரிய பண்டங்கள். தூரைக் கிளறினால் சோற்றுக்குக் கறி!

இதை நம்பியவர்கள் வளர்ந்த மனிதர்கள். அவர்களைப் பேதையர் என்று சொல்லத் துணிபவர், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். பசித்தவன் காதுக்குச் சோறு என்ற சொல் பொய்யாகக் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பாட்டியிடத்து உள்ள நம்பிக்கைபோலத் தம்மூரவரான கங்காணியிடத்து அவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது. ஒன்றே வேறுபாடு. பாட்டி சொன்ன பொய் பிள்ளையைக் காக்கச் சொன்னது. கங்காணி சொன்ன பொய்யிலே வேறொருவருக்கு இலாபம் இருந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் நோய்க்குப் பலரைப் பலிகொடுத்து, மலையேறி வந்து கிளறிப் பார்த்தபோது, தேயிலைத் தூரிலே வேர் மட்டும் இருந்தது. பயணச் செலவும் முற்பணமும் அதற்குள் கடனாகி நின்றன. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ எனும் சீட்டு இன்றி வேறு தோட்டத்துக்குப் போகவும் வழியில்லை. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

இங்கே அந்த வானொலிப் பெட்டிச் சிறுவனை மீண்டும் நினைத்தல் தகும். பெட்டிக்குள் மனிதர் இருக்கின்றனர் என்று அவன் நம்பினான், உண்மைதான். ஆனால் நம்பியதோடு நில்லாமல் பின்புறம் போய்ப் பார்த்தான். கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு அதுவே. கடலைக் கடக்கும் முன் தேயிலைத் தூரைக் கிளறிப் பார்க்க அவர்களால் இயலவில்லை. எழுதிய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க எழுத்தறிவும் இல்லை. பிழையாக நம்புதல் எல்லா மனிதர்க்கும் இயல்பு. நம்பியதைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும் பழக்கமும் இல்லாமையே கேடு.

அந்தப் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே முளைக்கிறது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே கிள்ளவும் படுகிறது. பூமி தோசைபோல இருக்கிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னதும் எழும் சிரிப்பொலி, அந்தப் பிள்ளையின் பிழையைத் திருத்துவதில்லை, வாயை மூடிவிடுகிறது. மறுநாள் முதல் அது புத்தகத்தில் உள்ளதை ஒப்புவிக்கும். தோசையை மனத்துக்குள் வைத்துக்கொள்ளும். அதற்கு மாறாக, “அப்படி எதைக்கொண்டு சொல்லுகிறாய், தம்பி?” என்று ஆசிரியரோ பெற்றோரோ கேட்டால், பிள்ளை தன் காரணத்தைச் சொல்லும். காரணம் வெளியே வந்தபின் அதைத் திருத்துவது கடினமன்று. அந்தானை மலையின் உச்சிக்கு அழைத்துச் சென்று, கிண்ணத்தின் விளிம்புக்கு அப்பாலும் மலைகள் அடுக்கடுக்காகச் செல்வதைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் பிள்ளையின் இன்பக் கற்பனை போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் வீணானது. வானலை ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. கொழும்பிலே ஒருவர் வாய்திறந்து பேசும் சொல், இடையிலுள்ள கருவிகள் தாமதம் செய்யாவிடில், நூறு கிலோமீற்றர் கடந்து கண்டியை அடைய ஒரு செக்கனில் மூவாயிரத்தில் ஒரு பங்கே எடுக்கும். அந்நேரத்தில் அவர் குரல் அறையின் காற்றிலே அரைச் சாண் தூரமே போயிருக்கும். அவருக்கு எதிரே மேசைக்கப்பால் அமர்ந்திருப்பவரை முந்திக்கொண்டு, கண்டியிலே பெட்டியின் முன் இருக்கும் பிள்ளைக்கு அது கேட்டுவிடும். சுண்டுவிரல் மனிதர் பெட்டிக்குள் வாழ்ந்தனர் என்னும் கதையைவிட இந்த உண்மை அதிசயத்தில் எந்த வகையில் குறைந்தது?

தேயிலைத் தூரிலே தேங்காய் தேடியவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். மண்ணின் இயல்பு யாது, வேர் அதிலிருந்து எதைப் பெறுகிறது என்று அங்கே ஆராய்கின்றனர். தூரைக் கிளறும் வேலை நிற்கவில்லை, கிளறுவோர் மாறிவிட்டனர். ஆகவே இன்று மாலை வீட்டிலே ஒரு குழந்தை கைத்தொலைபேசியைத் திருப்பி, அம்மா உள்ளே எப்படிப் புகுந்தாள் என்று அதன் முதுகைத் தட்டிப் பார்க்குமானால், அதைக் கண்டு சிரிப்பவர் சிரிக்கலாம். சிரித்து முடிந்தபின் அருகே அமர்ந்து விடை சொல்லவும் வேண்டும்.